எதையும் கேட்காத மனிதர்

காபியா டீயா என்று கேட்டால், "எதுன்னாலும் சரிங்க, எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார். சரி என்று டீயைக் கொண்டுபோய் வைத்தால் தொடமாட்டார். டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டீயின் மேல் ஆடை கட்டி, சுருங்கி, டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஆத்தா தவித்துப்போய், எழுந்து உள்ளே ஓடி, காபி போட்டுக்கொண்டு வருவாள். அதை மடமடவென்று குடித்துவிட்டு, "எதுக்குங்க சிரமம், நான் கேக்கவே இல்லையே" என்பார். ஆடை கட்டிய டீயைக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

பெயர் வேண்டாம். காரைக்குடியில் அவர் வீட்டு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், எதிரில் வந்தால் சிரிக்க வேண்டியிருக்கிறது. அன்று நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய குரல். இஸ்திரி கலையாத சட்டை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எரிச்சலே அதுதான். கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கத்திவிட்டுப் போய்விடலாம்.

ஃபேன் போடுங்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டார். சட்டைக் காலரைப் பிடித்து இரண்டு உதறு உதறுவார். யாராவது எழுந்து போடும்வரை உதறிக்கொண்டே இருப்பார். போட்டதும், "ஐயோ, இருக்கட்டும் இருக்கட்டும்" என்பார். நானே எத்தனை தடவை எழுந்து போட்டிருக்கிறேன், தெரியுமா. போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன், திருப்தியா என்று. அதை எழுதும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் எங்களுக்குப் பழக்கமானது விளையாட்டால். கையில் வைத்து ஆடும் கேம் கன்சோல் ஒன்று அப்போது பிரபலம். அதில் நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய மிருகத்தை வேட்டையாடும் ஆட்டம். நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் மெஷின்கள் ஒன்றோடொன்று சேரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் கூடுவோம், பத்துப் பன்னிரண்டு பேர். பேங்கில் வேலை பார்ப்பவர் ஒருவர், சில காலேஜ் பையன்கள், செல்போன் கடையில் இருந்த நான், அப்புறம் என் ஆச்சி. எங்கள் வீடுகளில் அக்காவைத்தான் ஆச்சி என்போம்; அம்மா ஆத்தா, அப்பா அப்பச்சி. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். அவளைவிட நன்றாக ஆடுகிற ஆம்பிளை ஒருத்தனும் அங்கே கிடையாது.

அந்த மெஷினில் ஒரு குறை. ஓடுவதற்கு இடது கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டிக் உண்டு. ஆனால் மிருகம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்வையைத் திருப்ப இன்னொரு ஸ்டிக் கிடையாது. அதற்குக் கீழே உள்ள பட்டன்களை அழுத்த வேண்டும். ஓடிக்கொண்டே திரும்ப வேண்டுமானால் கட்டைவிரல் ஸ்டிக்கில் இருக்க, ஆள்காட்டி விரலை மேலிருந்து மடக்கிக் கொண்டுவந்து பட்டனைத் தட்ட வேண்டும். நண்டுப்பிடி என்போம். பத்து நிமிஷம் பிடித்தால் எனக்கு முழங்கைவரை வலிக்கும். ஆச்சிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி வரும்.

இந்தக் குறைக்காகவே கம்பெனிக்காரன் ஓர் அட்டாச்மென்ட் விட்டான். மெஷினை அதற்குள் பொருத்திக்கொண்டால் வலது பக்கம் இரண்டாவது ஸ்டிக் கிடைத்துவிடும். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம், இல்லாமலும் ஆடலாம் என்று டப்பா மேலேயே போட்டிருந்தது. முதலில் கொண்டுவந்தவர் அண்ணன்தான். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். "அண்ணே, இனிமே இது வாங்கியே ஆகணுமா?" என்று பேங்க்காரர் கேட்டார்.

"சேச்சே. கட்டாயமே இல்ல. அவுகவுக விருப்பம்" என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு போனால் முற்றத்தை ஒட்டி மேடாக இருக்கும் பட்டாலையில் இரண்டு சோபா போட்டிருந்தது. நாங்கள் எப்போதும் உட்காரும் ஜமுக்காளம் கீழே வளவு முற்றத்தில் கிடந்தது. "அட்டாச்மென்ட் வெச்சிருக்கவுக இங்குட்டு உக்காந்தா வசதி. வயரு, சார்ஜருன்னு இருக்கும்ல" என்றார். அட்டாச்மென்டுக்கு வயரும் கிடையாது, சார்ஜரும் கிடையாது. சின்ன பேட்டரி ஒன்று போட்டால் மாசக்கணக்கில் ஓடும். எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் சோபாவுக்குப் போனார்கள், மற்றவர்கள் ஜமுக்காளத்துக்குப் போனோம்.

அதிலிருந்து ஆரம்பித்தது. வேட்டையில் யாராவது மூன்று தடவை விழுந்தால் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்துவிடும். அட்டாச்மென்ட் இல்லாதவன் விழுந்தால் அண்ணன் திட்டமாட்டார். மெஷினை மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு விடுவார். "பரவால்ல, பரவால்ல" என்பார். அடுத்த ஆட்டத்துக்கு அவன் எழுந்து வருவதற்குள் சோபாவில் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். "அடடா, ஆளு ஆயிருச்சே தம்பி" என்பார். அட்டாச்மென்ட் உள்ளவன் மூன்று தடவையும் விழுந்தாலும் அது மிருகத்தின் குற்றம். அவர் ஆத்தா கொண்டுவரும் வெள்ளைப் பணியாரம் சோபாவைச் சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்கும். எங்களிடம் வரும்போது தட்டில் எண்ணெய் மினுங்கும்.

இரண்டே மாதம். முக்கால்வாசிப் பேர் வாங்கிவிட்டார்கள். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பேங்க்காரர் வாங்கி வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் காதில், "எனக்கு இது ஒத்தே வரலப்பா, கை பெருசாகிப்போன மாதிரி இருக்கு" என்றார். ஆனால் கழற்றமாட்டார்.

ஆச்சிதான் ஒருநாள் வழியில் பஸ்ஸில் கேட்டாள். "எனக்கு விரல் வளையுது, வேண்டாம். ஒனக்கு வலிக்குதுன்னா நீ மாட்டிக்க. அதுல என்ன இருக்கு. ஒரு பிளாஸ்டிக்குக்காக ஏண்டா தனித்தனியா உக்காரணும்?"

"அப்படித்தான் ஆச்சி, வசதிக்கு" என்றேன்.

என் பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தாள். கை வலிக்கிறது என்று நான் முனகிக்கொண்டே இருந்ததற்காக. அடுத்த ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு போனேன். "வாங்க தம்பி, இங்குட்டு வாங்க" என்று அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். போய் உட்கார்ந்தேன். வாங்கிக் கொடுத்தவள் கீழே ஜமுக்காளத்தில், இன்னும் இரண்டு பேரோடு. பணியாரம் சூடாக வந்தது, இரண்டு எடுத்தேன். சீ, நானும் ஒரு தம்பி.

இதில் விசித்திரம் என்னவென்றால் அவருக்கு ஆச்சியைப் பிடித்திருந்தது. சோபாவில் இருந்தபடி அவள் கையையே பார்ப்பார். "உங்க ஆச்சி விரலு எப்படித்தான் அப்படிப் போகுதோ" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அவளிடம் நேராகச் சொன்னதில்லை. அவளுக்கும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் புடவையை இரண்டு தடவை மாற்றிக் கட்டுவாள். அந்தச் சோபா விவகாரம் தெரிந்துமா என்று கேட்டால், தெரிந்துதான். "கூச்ச சுபாவம்டா, வேணுங்கறத வாய்விட்டுக் கேக்கத் தெரியாத மனுசன்" என்று அவள் அவருக்காகப் பரிந்து பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

சம்பந்தம் அவர்கள் பக்கமிருந்துதான் வந்தது, உறவுக்காரர் ஒருவர் மூலம். ஊர் பொருத்தம், கோயில் பொருத்தம் எல்லாம் சரியாக இருந்தது. வலையபட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து அவர் ஆத்தா சொன்னது இது: "எங்களுக்கு எதுவும் வேணாம். பொண்ணு வந்தாப் போதும். நீங்க செய்யிறது உங்க விருப்பம்."

எங்கள் அப்பச்சிக்கு அன்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மனிதர் சோறு இறங்காமல் கிடக்கிறார். எது போதும், எங்கே நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லையே. இவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தால் முடியும், முடியாது என்று பதில் சொல்லியிருப்பார். அந்த வீட்டு ஆட்கள் வரும்போதெல்லாம் ஒன்றை உதிர்த்துவிட்டுப் போவார்கள். "மூத்த மருமக வீட்டுல கிரைண்டரே ரெண்டு வெச்சாக. நாங்க கேக்கல." "அவுக மாமியார் சாமான்னு தனியா வெள்ளியில செஞ்சாக. நமக்கு அதெல்லாம் எதுக்கு." அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் காலரை உதறிக்கொண்டிருப்பார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏண்டா, மாப்பிள்ளை வீட்டுல அது என்னமோ ஒண்ணு இல்லாதவுகளத் தரையில உக்கார வெக்கிறாகளாம்ல. ஒன் ஆத்தா சொன்னா."

"ஆமா அப்பச்சி. அட்டாச்மென்டு."

"நம்ம புள்ள போற வீட்டுல தரையில உக்காரக் கூடாது. வாங்கிரு."

"ஒண்ணா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமான எவன்டா ஒத்தையில வெப்பான். ஒரு டஜனா வாங்கு."

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சாமான் வைப்பது அப்படித்தான். கரண்டியானாலும் டபராவானாலும் டஜன் கணக்கு. கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் பரப்பி வைப்போம், உறவும் ஊரும் வந்து பார்க்கும். அப்பச்சியைப் பொறுத்தவரை அட்டாச்மென்டும் டிபன் கேரியர் மாதிரி ஒரு பாத்திரம். ஒரு மெஷினுக்கு ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் தெரியும். மெஷினில் புது மாடல் வந்துவிட்டது. அதில் இரண்டாவது ஸ்டிக்கை உள்ளேயே வைத்துவிட்டான். பழைய அட்டாச்மென்ட் அதில் ஏறாது. அண்ணன் கையில் புது மாடலை நானே பார்த்துவிட்டேன். மதுரையில் கடைக்காரன் பழைய அட்டாச்மென்டைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தான். பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து அப்பச்சி முன்னால் வைத்தேன். ஏன் வாங்கினாய் என்றால், எங்கள் வீட்டுச் சாமானைப் பார்த்து அந்தச் சோபாக் கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

சாமானைக் கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியே ஒரு தடவை பார்த்துவிட்டால் நல்லது என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கட்டாயம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள். காலையிலேயே எங்கள் வளவில் எல்லாவற்றையும் பரப்பினோம். பித்தளை ஒரு வரிசை, எவர்சில்வர் ஒரு வரிசை, மாமியார் சாமான் தனி வரிசை. டிபன் கேரியருக்கும் ஹாட் பாக்ஸுக்கும் நடுவில் அந்தப் பன்னிரண்டு டப்பா. ஒவ்வொரு டப்பாவுக்கும் அப்பச்சி தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

இருபது பேர் வந்தார்கள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து வந்தார். டப்பாக்களுக்கு முன்னால் நின்றார். சிரித்தார்.

"மாமா, இது எதுக்கு? நான் கேக்கவே இல்லையே."

"மாப்பிள்ளைக்குத்தான். நம்ம புள்ளையும் உங்களோட சரிக்குச் சரியா உக்காந்து வெளையாடணும்ல" என்றார் அப்பச்சி. அவர் முகம் அப்போது அவ்வளவு பெருமையாக இருந்தது.

"இது பழைய மாடலுக்குள்ளது மாமா. இப்ப வந்திருக்கதுல இது மாட்டாது." ஒரு மூச்சு விட்டார். "பரவால்ல, இருக்கட்டும்."

அவர் ஆத்தா பின்னாலிருந்து, "இருக்கட்டும். இதுக்குப் பதிலா வேற செய்யணும்னு நெனச்சாலும் அவுக விருப்பம்தான்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அப்பச்சி குனிந்து டப்பாக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மாத்திருவோம். நாளைக்கே மாத்திருவோம். தெரியாமப் போச்சு" என்றார். இரண்டு டப்பா நழுவி விழுந்தன. சட்டையெல்லாம் குங்குமம். நான் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆச்சி உள்கட்டிலிருந்து வந்தாள். அப்பச்சி கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொல்லுங்க. இது வேணுமா வேண்டாமா?"

"எனக்கென்னங்க, எதுன்னாலும் சரி."

"இதுக்குப் பதிலா வேற வேணுமா?"

"அது உங்க அப்பச்சி விருப்பம்."

"கிரைண்டரு ரெண்டு வேணுமா? வெள்ளி வேணுமா? வேணும்னா வேணும்னு சொல்லுங்க. ஒரு வாட்டி வாயால சொல்லிட்டீகன்னா தேவலை."

"என்னம்மா, சபையில இப்படிக் கேக்கிறே" என்றாள் அவர் ஆத்தா. ஆச்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சரி, சாமானை விடுங்க. நான் வேணுமா உங்களுக்கு?"

அவருக்குக் காது மடல் சிவந்தது. அவள் காத்திருந்தாள். வேணும் என்று ஒரு சொல் அவர் சொல்லியிருந்தால், அத்தனை சாமானையும் அவளே சுமந்துகொண்டு அவர் பின்னால் போயிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். அவர் தன் ஆத்தாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"பெரியவுக பேசி முடிச்சதுதானே. அப்புறம், உங்க விருப்பம்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை அந்தப் பார்வையில். எண்ணெய்ப் பாத்திரத்தில் எதையோ கண்டுவிட்டு மூடியை மூடுவோமே, அப்படி ஒரு பார்வை. பிறகு அப்பச்சியிடம் சொன்னாள்: "இளையாத்தங்குடிக்குச் சொல்லிருங்க அப்பச்சி. கோயில் மாலை வேண்டாம்."

எங்களுக்கு இளையாத்தங்குடிக் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். மாலை வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

காரைக்குடி முழுக்க அவர் ஒன்றைத்தான் சொன்னார். "நாங்க ஒண்ணுமே கேக்கல. அவுகளாத்தான் நிறுத்திக்கிட்டாக." யாரும் அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரில் கெட்ட பெயர் ஆச்சிக்குத்தான் வந்தது. அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆனது, அங்கும் எதுவும் கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் நின்று ஒரு மாதம் கழித்துக் கடை வாசலில் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஞாயித்துக்கிழமை எப்பவும்போல வரலாமே தம்பி. கட்டாயம் இல்ல" என்றார். காறித் துப்பியிருக்க வேண்டும். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். போகவில்லை என்பது உண்மை, யோசித்தேன் என்பதும் உண்மை.

அந்த மனிதரை இவ்வளவு திட்டி எழுதியவன், கல்யாணம் நின்ற அன்று மதியம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். பரப்பிய சாமானை ஆத்தா அழுதுகொண்டே உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பச்சி குங்குமச் சட்டையோடு படுத்துவிட்டார். ஆச்சி அந்தப் பன்னிரண்டு டப்பாக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புது மாடல் வந்தது ஒனக்குத் தெரியும்லடா?" என்றாள்.

"தெரியும்."

"அவர் கையில இருந்தது?"

"பாத்தேன்."

"பின்ன அப்பச்சிகிட்ட ஏண்டா சொல்லல?"

"அப்பச்சி கேக்கலையே ஆச்சி" என்றேன்.

காலையில் வளவில் அவரைப் பார்த்தாளே, அதே பார்வையை என் மேல் பார்த்தாள். கையிலிருந்த டப்பாவை அடுக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.